ஞாயிற்றுக்கிழமை மாத்திரையும் அத்தையின் பாட்டிலும்

அம்மாவுக்கு வந்த கேன்சர் கீமோ இல்லாமலே போய்விட்டது என்று எங்கள் சொந்தத்தில் ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கிறது. கதையில் முக்கால்வாசி உண்மை. கேன்சர் இருந்தது, கட்டி போனது, கீமோ ஏறவில்லை, எல்லாம் சரி. எதனால் போனது என்பதில்தான் தகராறு. அந்தத் தகராறைத் தீர்க்காமல் நாங்கள் வாயை மூடிக்கொண்டிருந்ததால் வேறொரு வீட்டில் ஒரு பெண் ஐந்து மாதத்தைத் தொலைத்துவிட்டார், அதனால்தான் முழுசாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

2022-ல் அம்மாவுக்கு 61 வயது. அதற்குப் பதினோரு வருடம் முன்னாலிருந்தே முடக்குவாதம், டாக்டர்கள் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்பார்களே அது. காலையில் எழுந்து ஒரு மணி நேரத்துக்கு விரல் மடங்காது, காபி டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத்தான் தூக்குவாள். அதற்கு மெத்தோட்ரெக்சேட் என்று ஒரு சின்ன மஞ்சள் மாத்திரை. வாரத்தில் ஒரே ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. தினசரி காலண்டரில் அன்றைய தாளில் பேனாவால் ஒரு சுழி போட்டுவிட்டுத்தான் அம்மா மாத்திரையை வாயில் போடுவாள், ஏனென்றால் இந்த மாத்திரையைத் தெரியாமல் தினமும் போட்டுவிட்டால் ரத்த அணுக்கள் இறங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும் என்று முதல் நாளே மூட்டு டாக்டர் மிரட்டி அனுப்பியிருந்தார். வீட்டில் யாராவது இதைச் சாப்பிடுகிறவர்கள் இருந்தால் நாளைக் குறித்து வைக்கும் இந்த வேலையை இன்றைக்கே ஆரம்பியுங்கள்.

அம்மாவுக்குத் தானாகத் தலை வாரிக்கொள்ள முடியாது, என் மனைவிதான் வாரிவிடுவாள். அந்த மே மாதம் ஒரு நாள் பின்னல் போடும்போது இடது காதுக்குக் கீழே சுண்டைக்காய் அளவுக்கு ஒன்று தட்டுப்பட்டது. பல் வலிக்கு நெறி கட்டியிருக்கும் என்று விட்டுவிட்டோம். மூன்று வாரத்தில் சுண்டைக்காய் நெல்லிக்காய் ஆனது, வலி மட்டும் கிடையாது. பக்கத்தில் ஒரு டாக்டரிடம் ஊசி டெஸ்ட் எடுத்தோம், அதுதான் எஃப்.என்.ஏ.சி. சந்தேகப்படும்படி ஒன்றும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது, அப்படியும் கட்டி வளர்ந்ததால் டி.பி. மாத்திரையை ஆறு மாதத்துக்கு ஆரம்பித்துவிடலாம் என்றார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, நம் ஊரில் கழுத்தில் நெறி கட்டினால் முதலில் டி.பி.யைத்தான் நினைப்பார்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது வருவதும் உண்டு. ஆனால் அம்மாவுக்குச் சாயங்காலமானால் காய்ச்சல், ஐந்து கிலோ எடை குறைவு, அக்குளில் இன்னொரு கட்டி. ஊசியில் உறிஞ்சி எடுக்கும் கொஞ்சம் செல்லை வைத்து லிம்போமா என்ற நிணநீர்க் கேன்சரை ஒழுங்காகச் சொல்ல முடியாது, ஒரு முழு நெறியையே வெட்டியெடுத்துப் பார்க்க வேண்டும். இது எங்களுக்கு அப்போது தெரியாது. தெரிந்த ஒருவர் சொல்லித்தான் டி.பி. மாத்திரையைத் தொடங்காமல் வேறு ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே நெறியை எடுத்தார்கள். பத்து நாள் கழித்து முடிவு வந்தது: டிஃபியூஸ் லார்ஜ் பி செல் லிம்போமா. கேன்சர் இருக்கும் இடம் வெளிச்சமாகத் தெரியும் பெட் ஸ்கேனில் கழுத்து, அக்குள், நெஞ்சுக்குள் என்று மூன்று இடத்தில் வெளிச்சம். ஆர்-சாப் என்ற கீமோ, மூன்று வாரத்துக்கு ஒரு முறை, மொத்தம் ஆறு. வியாழக்கிழமை அட்மிஷன், வெள்ளிக்கிழமை முதல் டோஸ்.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். முதல் நாளே ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். தற்போது எடுத்துக்கொள்ளும் மருந்துகள் என்று ஒரு கட்டம். நான் சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை இரண்டையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். தினமும் காலையில் டப்பாவைத் திறந்து கொடுப்பது அது இரண்டும்தான், ஞாயிற்றுக்கிழமை மாத்திரை என் மண்டையில் மருந்தாகவே பதிந்திருக்கவில்லை. அந்தப் படிவம் அப்படியே ஃபைலோடு நாலு மேஜை சுற்றிவந்தது, யாரும் திருப்பிக் கேட்கவும் இல்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்க ஒரு இளம் டாக்டர் வந்தார், மேல்படிப்புப் படிக்கிற பெண். அம்மா பேனாவைக் கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, முழங்கையிலிருந்து கையை அசைத்து எழுத்து எழுத்தாகப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் காகிதத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விரல் எத்தனை வருஷமா இப்படி இருக்கும்மா?"

"அது ஆச்சுங்க பத்துப் பன்னெண்டு வருஷம். வாதம்."

"அதுக்கு என்ன மாத்திரை போடுறீங்க?"

"ஞாயித்துக்கிழமை மாத்திரைங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். நான் பெயரைச் சொன்னேன். அம்மா பாதிப் பெயர்தான் எழுதியிருந்தாள், அந்தப் படிவத்தை அப்படியே வாங்கிக்கொண்டு வெளியே போனவர் இருபது நிமிஷத்தில் பெரிய டாக்டரோடு வந்தார். அம்மாவின் பாதிக் கையெழுத்து இன்னும் அந்த ஃபைலில் இருக்கும்.

பெரிய டாக்டர் கட்டிலில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். எப்ஸ்டீன்-பார் என்று ஒரு வைரஸ், 1964-ல் கண்டுபிடித்தது, பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் உடம்பில் இருக்கிறது. பி செல் என்கிற வெள்ளை அணுக்களுக்குள் சும்மா படுத்திருக்கும். அது எழுந்திருக்காமல் பார்த்துக்கொள்வது டி செல்கள் என்கிற வேறு வகை வெள்ளை அணுக்கள். மெத்தோட்ரெக்சேட் மூட்டைக் காப்பாற்றுவது எதிர்ப்புச் சக்தியின் வேகத்தைக் குறைத்துத்தான், வெகு சிலருக்கு அதே காரணத்தால் காவல் தளர்ந்து, வைரஸ் புகுந்த பி செல்கள் பெருகிக் கட்டியாகிவிடுகின்றன. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அசல் லிம்போமா. ஆனால் மாத்திரையை நிறுத்தினால் காவல்காரன் திரும்பி வந்துவிடுவான், பலருக்குக் கட்டி தானாகவே சுருங்கிவிடும். வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க, ஏற்கெனவே எடுத்த நெறியை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள், அந்த மெழுகுக் கட்டியிலேயே ஈபர் என்று ஒரு டெஸ்ட் செய்யலாம். இருந்தால் சுருங்குவதற்கான வாய்ப்பு இன்னும் அதிகம்.

எனக்கு ஒன்று இடித்தது. மெத்தோட்ரெக்சேட்டே கேன்சர் மருந்துதானே என்று கேட்டேன், கூகுளில் அப்படித்தான் போட்டிருந்தது. ஆமாம் என்றார். 1956-ல் கருப்பையில் வரும் கோரியோகார்சினோமாவைக் குணப்படுத்தியது இந்த மருந்துதான், பெரிய டோஸில். மூட்டுக்குக் கொடுப்பது அதில் துளி. ஒரே மருந்து ஒரு இடத்தில் கேன்சரைக் கொல்கிறது, இன்னொரு இடத்தில் அது வளர வழி விடுகிறது.

அன்றைக்கு ராத்திரி கீமோ ரத்து. மூட்டு டாக்டரிடம் போனில் பேசி மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தினார்கள். இரண்டு வாரம் பொறுத்துப் பார்ப்போம் என்றார்கள். நான் அப்போது கேட்ட ஒரே புத்திசாலித்தனமான கேள்வி, எது நடந்தால் பொறுக்கக் கூடாது என்பது. காய்ச்சல் கூடினால், மூச்சு வாங்கினால், கட்டி பெரிதானால், ரத்தத்தில் எல்.டி.ஹெச். என்ற நொதியின் அளவு ஏறினால் அன்றைக்கே வந்துவிட வேண்டும், இரண்டு வாரத்தில் சுருங்க ஆரம்பிக்காவிட்டால் கீமோதான். உங்களுக்கும் யாராவது பொறுத்துப் பார்ப்போம் என்று சொன்னால் எதுவரைக்கும், எது நடந்தால் நிறுத்துவோம் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தேதி போடாத பொறுமை வெறும் தள்ளிப்போடுதல்.

ஒன்றைக் கொட்டை எழுத்தில் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு உங்கள் அம்மாவின் மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்திவிடாதீர்கள். லட்சக்கணக்கான பேர் பல வருடமாக நிம்மதியாகச் சாப்பிடும் மருந்து, அதனால்தான் அவர்கள் நடக்கிறார்கள். முடக்குவாதம் இருந்தாலே, எந்த மாத்திரையும் சாப்பிடாவிட்டாலும், லிம்போமா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல்தான். கட்டி தெரிந்தால் டாக்டரிடம் போய் மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

இனி அத்தை. அப்பாவின் அக்கா, புதுக்கோட்டைப் பக்கம். விஷயம் கேள்விப்பட்டு, மாத்திரையை நிறுத்திய நாலாம் நாள் பஸ் ஏறி வந்துவிட்டாள். பையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் நிறைய கருந்தேன் நிறத்தில் கஷாயம். ஏதோ வைத்தியர் கொடுத்த பொடி, அதில் நித்தியகல்யாணி இலை இருக்கிறது, மற்றது சொல்லக் கூடாதாம். தினம் காலையில் வெறும் வயிற்றில் அரை டம்ளர். "இங்கிலீஷ் மாத்திரைய நிறுத்துன்னு டாக்டரே சொல்லிட்டாராமே, பாத்தியா? இதக் குடி, கரைஞ்சுரும்" என்றாள். அந்த வாக்கியத்தின் முதல் பாதி உண்மை என்பதால் யாராலும் மறுத்துப் பேச முடியவில்லை.

நித்தியகல்யாணியில் விஷயமே இல்லை என்று சொல்லவில்லை. ஆர்-சாப்பில் ஒரு மருந்து வின்கிரிஸ்டின், அது இந்தச் செடியிலிருந்து பிரித்தெடுத்ததுதான், 1960-களிலிருந்து ஊசியாகக் கொடுக்கிறார்கள். ஆனால் அது மில்லிகிராம் கணக்கில், உடம்பின் அளவைக் கணக்குப் போட்டு, ரத்தக் குழாயில் ஏற்றுவது. இலையைக் கொதிக்கவைத்தால் அதில் எவ்வளவு இறங்கியிருக்கும் என்று வைத்தியருக்கும் தெரியாது, அத்தைக்கும் தெரியாது. செடி நஞ்சுள்ளது, ஆடுகூட வாய் வைக்காது.

மாத்திரையை நிறுத்திய ஒன்பதாம் நாள் கட்டி இளகியது. கல் மாதிரி இருந்தது பழுத்த மாதிரி ஆனது. ராத்திரி வியர்வை நின்றது. பதினைந்தாம் நாள் செக்கப்புக்குப் போனபோது நெல்லிக்காய் கொண்டைக்கடலை ஆகியிருந்தது, ஈபர் டெஸ்டும் பாசிட்டிவ் என்று வந்துவிட்டது. எட்டாவது வாரம் பெட் ஸ்கேன், 18,000 ரூபாய், மூன்று இடத்திலும் வெளிச்சம் இல்லை. டாக்டர் குணமாகிவிட்டது என்று சொல்லவில்லை, இப்போதைக்கு ரெமிஷன், அதாவது நோயின் அடையாளம் தெரியவில்லை என்றார், இந்த மாதிரிச் சுருங்கியவர்களில் ஒரு பகுதியினருக்கு மாதங்களோ வருடங்களோ கழித்துத் திரும்புகிறது, அப்போது கீமோ தேவைப்படும் என்றும் சொன்னார். நாங்கள் வெளியே வந்து இளநீர் குடித்தோம். அப்பா அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இதற்குள் மூட்டு பழிவாங்கிவிட்டது, அதையும் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். மாத்திரையை நிறுத்திய நாலாவது வாரம் மணிக்கட்டும் முழங்காலும் வீங்கி, அம்மாவால் பல் தேய்க்க முடியவில்லை, பிரஷ்ஷில் துணியைச் சுற்றிக் கொடுத்தோம். ஒரு ராத்திரி "இதுக்குக் கட்டியே தேவலாம்" என்றாள். குறைந்த அளவு ஸ்டீராய்டு, ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்று ஒரு மாத்திரை, அதற்கு வருடா வருடம் கண் பரிசோதனை. அதுவும் போதாவிட்டால் ரிடுக்சிமாப் இருக்கிறது என்றார்கள், ஆர்-சாப்பின் முதல் எழுத்து அதுதான், மூட்டுக்கும் கொடுப்பார்களாம். மூட்டு டாக்டரும் கேன்சர் டாக்டரும் ஒருவரோடு ஒருவர் பேசாவிட்டால் அம்மா நடுவில் மாட்டிக்கொண்டிருப்பாள். நாங்கள் ஒரே நோட்டில் இருவரையும் எழுதவைத்தோம். கூச்சப்படாமல் கேளுங்கள், எழுதுவார்கள்.

அந்த வாரங்களில் ராத்திரித் தூக்கம் வராமல் நிறையப் படித்தேன். 1993-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் அமெரிக்க டாக்டர்கள் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், அம்மா கதையேதான், மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தியதும் லிம்போமா போய்விட்டது. அதற்கும் வெகு முன்னால் எவர்சன், கோல் என்று இரண்டு அமெரிக்க சர்ஜன்கள் சிகிச்சையில்லாமல் சுருங்கிய கேன்சர் என்று சொல்லப்பட்டதையெல்லாம் சலித்து, நிஜம் என்று ஏற்கத்தக்க 176 பேரை மட்டும் வைத்து 1966-ல் புத்தகம் போட்டிருக்கிறார்கள். அறுபது வருட மருத்துவ உலகத்தில் 176. சிறுநீரகம், மெலனோமா என்ற தோல் கேன்சர், கைக்குழந்தைகளுக்கு வரும் நியூரோபிளாஸ்டோமா, இந்த மாதிரிச் சிலவற்றில்தான் அடிக்கடி பார்த்திருக்கிறார்கள்.

நியூரோபிளாஸ்டோமா கதை எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஜப்பானில் 1980-களில் ஆறு மாதக் குழந்தைகளின் சிறுநீரை நாடு முழுக்கச் சோதித்துக் கட்டியைச் சீக்கிரம் கண்டுபிடித்தார்கள். நிறையக் கண்டுபிடித்தார்கள், வெட்டினார்கள், கீமோ கொடுத்தார்கள். ஆனால் கனடாவிலும் ஜெர்மனியிலும் செய்த ஆய்வுகள் 2002-ல் வந்தபோது, இப்படிச் சோதிப்பதால் இறப்பு குறையவில்லை என்று தெரிந்தது. அகப்பட்டதில் பெரும்பகுதி தொடாமல் விட்டிருந்தால் தானே கரைந்திருக்கும் கட்டிகள். ஜப்பான் அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டது. இப்போது சில குழந்தைகளின் சின்னக் கட்டிகளை ஸ்கேனில் மட்டும் பார்த்துக்கொண்டே வருகிறார்கள். அதே நோய் ஒன்றரை வயதுக்கு மேல் பரவிய நிலையில் வந்தால் மிகக் கொடூரம். பெயர் ஒன்று, நடத்தை இரண்டு.

அப்புறம் நியூயார்க்கில் கோலி என்ற சர்ஜன். கழுத்தில் கட்டியோடு பலமுறை அறுத்தும் தீராத ஒரு ஆள், அக்கி மாதிரியான ஒரு தோல் தொற்றில் கடும் காய்ச்சல் வந்து கட்டி மறைந்துபோனதாகப் பழைய ரெக்கார்டில் படித்துவிட்டு, தெருத்தெருவாகத் தேடி, ஏழு வருடம் கழித்து அவரை உயிரோடு கண்டுபிடித்திருக்கிறார். கண்டுபிடித்ததும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போகவில்லை, காரணம் என்ன என்று ஆராய உட்கார்ந்தார், 1891-ல் கிருமியையே ஊசியாகப் போட்டுப் பார்த்தார். எதிர்ப்புச் சக்தியை வைத்தே கேன்சரை அடிக்கும் இன்றைய இம்யூனோதெரபியின் தாத்தா என்று அவரைத்தான் சொல்கிறார்கள். தானாக என்று நாம் சொல்வதெல்லாம், உடம்பு செய்த வேலையை யாரும் பக்கத்தில் நின்று பார்க்கவில்லை என்பதுதான். அம்மாவின் விஷயத்தில் தற்செயலாக ஒருவர் பார்த்துவிட்டார்.

அத்தையும் ஒரு காரணம் வைத்திருந்தாள். ஊருக்குப் போய் எல்லாரிடமும் சொன்னாள். எட்டே வாரத்தில் கேன்சர் காலி, ஸ்கேனே இருக்கிறது, வேண்டுமானால் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறேன். எனக்குப் போன்கள் வர ஆரம்பித்தன. நான் பெட் ஸ்கேன் ரிப்போர்ட்டை அத்தைக்கு அனுப்பியிருந்தேன், சந்தோஷத்தில். அதுதான் நான் செய்த இரண்டாவது தப்பு.

அதற்கு முன் அம்மா எங்களிடம்கூடச் சொல்லாத ஒன்று இருந்தது. கஷாயத்தை அவள் இரண்டே நாள்தான் குடித்திருக்கிறாள். இரண்டு நாளும் வாந்தி. மூன்றாம் நாளிலிருந்து தினம் காலையில் அரை டம்ளரைக் கணக்காக அளந்து கொல்லையில் செம்பருத்திச் செடிக்கு ஊற்றியிருக்கிறாள், அத்தை போனில் கேட்டால் பாட்டில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று சரியாகச் சொல்ல வேண்டும் என்பதற்காக. அண்ணி மனசு கஷ்டப்படும் என்று எங்களிடமும் மூச்சு விடவில்லை.

அத்தை தெருவில் ஒரு பெண், நாற்பது வயதுக்குள், மார்பில் கட்டி. ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருந்தவர் என் அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுத் தேதியைத் தள்ளிப்போட்டு அதே பாட்டிலை ஐந்து மாதம் குடித்திருக்கிறார். கட்டி தோலைக் கிழித்துக்கொண்டு வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். இப்போது கீமோ நடக்கிறது, அக்குள்வரை போய்விட்டது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தினர் 2018-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது, குணப்படுத்தக்கூடிய நிலையிலேயே மாற்று வைத்தியம் மட்டும் போதும் என்று போன 281 பேரை, வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்டார்கள். இறப்பதற்கான அபாயம் மொத்தத்தில் இரண்டரை மடங்கு, மார்பகக் கேன்சரில் ஐந்து மடங்குக்கும் மேல். அதைப் படித்த ராத்திரி ரிப்போர்ட்டை அனுப்பிய என் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது யாராவது போன் செய்தால் முதலில் மூன்று கேள்வி கேட்கிறேன். பயாப்ஸி, அதாவது கட்டியில் ஒரு துண்டை எடுத்துப் பார்க்கும் சோதனை, ஆனதா, என்ன பெயர் போட்டிருக்கிறது, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார். பாதிப் பேருக்குப் பயாப்ஸியே ஆகியிருக்காது. ஆனவர்களிடம் ஸ்லைடையும் மெழுகுக் கட்டியையும் வாங்கி வைக்கச் சொல்கிறேன், இரண்டாவது டாக்டரிடம் காட்ட அது வேண்டும், எங்களுக்கு ஈபர் டெஸ்ட் செய்ய முடிந்ததே அது இருந்ததால்தான். அப்புறம் மாத்திரைப் பட்டியல். தினம் போடுவது, வாரம் ஒன்று, மாதம் ஒரு ஊசி, சொட்டு மருந்து, நாட்டு மருந்து, எதையும் வெட்கப்பட்டு மறைக்காமல். அம்மாவின் பட்டியல் இப்போது ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. முதல் வரியிலேயே மெத்தோட்ரெக்சேட், நிறுத்திய தேதியோடு, சிவப்பு மையில்.

அந்தப் பெண்ணைப் பற்றிக் கேள்விப்பட்ட அன்றுதான் அம்மா வாயைத் திறந்தாள். நான் போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணி, நான் அதக் குடிக்கவே இல்ல. ரெண்டு நாளோட சரி. மிச்சமெல்லாம் செடிக்குத்தான் ஊத்துனேன்."

அந்தப் பக்கம் டி.வி. சத்தம் மட்டும் கேட்டது. பிறகு லைன் கட்டாகிவிட்டது. இரண்டு மாதம் பேச்சில்லை.

பொங்கலுக்கு மறுநாள் மஞ்சள் கொத்தோடு வந்தாள். பையை அம்மா எட்டிப் பார்த்தாள், நானும்தான் பார்த்தேன், பாட்டில் ஏதும் இல்லை. அத்தை யாரிடமும் ஒன்றும் பேசாமல் நேரே அம்மாவிடம் போய் முகத்தை நிமிர்த்தி, இரண்டு கட்டைவிரலாலும் காதுக்குக் கீழிருந்து தாடை வழியாக மெதுவாக அமுக்கிக்கொண்டே வந்தாள், இடது பக்கத்தை இரண்டு தடவை.

"ஒண்ணுமில்ல" என்றாள். "காபி போடு. இல்ல இரு, நீ உக்காரு, நானே போடுறேன்."